அக்சலோட்டலுக்கு மரக்கறி

என் கண்ணுக்குள் இருக்கும் பவளத்துக்கு,

நீ போய் இன்றைக்கு நாற்பத்தாறாம் நாள். வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அக்சலோட்டல் சாப்பிடுவதில்லை, மகள்.

பல்கலைக்கழகத்திலிருந்து கண்ணாடிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாயே, நினைவிருக்கிறதா? "இதென்ன புள்ள, செவியில பூ வெச்ச பல்லி?" என்று கேட்டேன்.

"பல்லி இல்ல அம்மம்மா. மெக்சிக்கோ நாட்டுத் தண்ணிச் சீவன். சாகுமட்டும் குஞ்சாவே இரிக்கும்" என்றாய்.

நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி நீ. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, அக்சலோட்டல் என்ற பெயரை அமிர்தகழி ஊர்ச் சனத்துக்கு முன்னால் பிழையில்லாமல் சொல்வதே பெரிய பெருமை. ஈர்க்கு நுனியில் மண்புழுவைப் பிடித்து நீ ஆட்டினால் போதும், ஒரே வாயில் விழுங்கிவிடும்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்று தொடங்கி, முப்பத்தோராம் நாள் வரைக்கும் வீட்டில் மரக்கறிதான். மீன் மணம் படலைக்குள் வர நான் விடவில்லை. உனக்குச் சாவுத் துடக்குக் காக்கும் வீட்டில் ஒரு உயிரைக் கொன்று இன்னொன்றுக்குத் தீனி போடுவதா? அவித்த பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டேன். காலையில் அப்படியே புளித்துக் கிடக்கும். தண்ணீரை மாற்றிவிட்டு மறுபடியும் பருப்புப் போட்டேன்.

பக்கத்து வீட்டுத் தங்கம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னகா, உன்ட பல்லியும் துடக்குக் காக்குதோ?"

"எங்கட வீட்டுல இரிக்கிறதெல்லாம் காக்கத்தான் வேணும்" என்று வீறாப்பாகச் சொன்னேன். பேத்திக்கு இப்படி யார் காத்தார்கள் என்று சனம் மெச்சியது. எனக்கு அது இனித்தது.

முப்பத்தொன்று முடிந்த மறுநாள், காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருபவரிடம் உயிரோடு கூனி இறால் வாங்கினேன். தொட்டியைக் குனிந்து பார்த்தவர், "யா அல்லா, இதுட வகுறு முதுகோட ஒட்டிப் போச்சேம்மா" என்றார். கூனியைத் தொட்டிக்குள் விட்டேன். அது கூனியை வாயில் எடுத்தது. உடனே துப்பிவிட்டது. புழுவைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. செவியோரத்துப் பூவும் சுருங்கிவிட்டது.

நேற்று, பள்ளிக்கூடத்தில் உன்னோடு படிப்பித்த விஞ்ஞான மாஸ்டர் புளியந்தீவிலிருந்து வந்தார்.

"எத்தின நாளாச் சாப்பிடல்ல அம்மா? நாள் கூடியிருந்தா வேற வழி பாக்கணும்."

"ரெண்டு மூணு நாள்தான் தம்பி. ருசி பாக்குது. அவள்ட கையால குடுத்தாத்தான் தின்னும் போல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாசம் அம்மா" என்றார். தண்ணீர்ச் சூடும் ஒரு காரணம், தொட்டியில் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சாக்கை நனைத்துச் சுற்றினேன்.

ஏன் அப்படிப் பொய் சொன்னேன்? நீ இருந்தால் ஏசியிருப்பாயா, பேசாமல் இருந்திருப்பாயா? ஏசினால் தாங்குவேன்.

இன்று காலை அது அடியில் சரிந்து கிடக்கிறது. தொட்டால் மட்டும் வால் அசைகிறது. பிழைக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை மடித்துவைத்த கையோடு மாஸ்டரிடம் போகிறேன், தங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு. முப்பத்தொரு நாள் பட்டினி போட்டவள் நான்தான் என்று அவளும் கேட்கச் சொல்லுவேன். அது செத்தாலும், உன் நினைவில் உருகிச் செத்தது என்று ஒருவரையும் சொல்ல விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் அம்மாவைப் பெற்றவள்,
உன்னையும் வளர்த்தவள்,
அம்மம்மா