குளியலறைச் சுவருக்குப் பின்னால் விதை நெல்

ஜூலை 24, 1961. திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்குள் சுள்ளென்று வெயில். குளியலறையிலிருந்த செம்பு பாய்லரைக் கழற்றியாயிற்று. அடிப்பக்கம் முழுக்கச் சல்லடை. அவர் ஆசைப்பட்டு மதராஸிலிருந்து கொண்டுவந்தது. அவர் போன பிறகு யாரும் அதை மூட்டவில்லை. இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் குழாய் மட்டும் அநாதையாக நீட்டிக்கொண்டு.

அதை அடைக்கக் காஞ்சிபுரத்திலிருந்து ஃபிட்டர் கன்னியப்பன். நல்ல கைத்திறன். குழாய் வாயின் மரையில் சணலை அவன் சுற்றிய ஒழுங்கு, கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த தையலில் பார்த்தது. மேலே வெள்ளைப் பசை. பிறகு ‘டம்மி’ என்கிற இரும்பு மூடி. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான்.

"எஜமானியம்மா, இதுல ஒரு சொட்டு வந்துச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்."

கைக்குட்டையால் மூடியைச் சுற்றித் துடைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. பாராட்டி அனுப்பினேன்.

அவன் போனதும் மருமகள் ருக்மணி: "அத்தே, ரெண்டு நாளா கரண்ட் இல்ல. மாடித் தொட்டி காலியா கீது. தண்ணியே வராம ஒயுகலன்னா இன்னா அர்த்தம்?"

‘கீது’ இல்லை, ‘இருக்கிறது’ என்று திருத்தினேன். மாகறலிலிருந்து வந்து ஆறு வருஷம், இன்னும் திருந்தவில்லை. மற்றதைக் காதில் வாங்கவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், நீலம், என் கண்ணாடிக்குக் கயிறு.

ஜூலை 25. செவ்வாய்

கரண்ட் வந்தது. மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பியது. மூடியைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்தே இருக்கிறது. ருக்மணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்தச் சுவருக்கு மறுபுறம் விதை நெல். ஆடிப் பதினெட்டு கழிந்ததும் நாற்றங்கால். நனைந்து மூட்டையிலேயே முளை விட்டால் இந்த வருஷம் சம்பா கிடையாது. அது எனக்கும் தெரியாமலில்லை.

மதியம் அந்த அறையில் சத்தம். போய்ப் பார்த்தால், மூட்டைகளைச் சுவரைவிட்டுத் தள்ளி இழுத்துக்கொண்டிருக்கிறாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள், முகமெல்லாம் நெல்தூசி. பிறகு சுவரோரம் நெடுகக் கோலமாவில் ஒரே கோடு.

வேலைக்காரி முனியம்மா: "இன்னாம்மா இது, நெல்லுக்கு லட்சுமணன் கோடா?"

"ஆமாண்டி. ராவணன் கொயாயில வரான்."

சிரிப்பு வந்தது. அவர்கள் பார்க்குமுன் வந்துவிட்டேன்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 26. புதன்

மேகமூட்டம். காபி ஆறியே போயிற்று.

காலையில் ருக்மணி கையைப் பிடித்து அழைத்துப்போனாள். இதுவரை என் கையைப் பிடித்ததில்லை. கோடு நெடுக வெள்ளை. குழாய்க்கு நேரே மட்டும் சாம்பல் நிறம், கூழாக. குளியலறைப் பக்கம் மூடி சருகு மாதிரி உலர்ந்து கிடக்கிறது. மூடியை முறுக்கிய முறுக்கில் சுவருக்குள் இருக்கும் பழைய மூட்டு அசைந்துவிட்டது. நான் குழாயின் வாயை மட்டும் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி வால்வை அவள் ஏற்கெனவே மூடியிருந்தாள். முதல் மூட்டையைப் பிரித்து என் கையை உள்ளே விடச் சொன்னாள். முழங்கை வரை விட்டேன். உலர்ந்த நெல், இளஞ்சூடு.

"பயப்படாதீங்க அத்தே. நெல்லு நல்லா கீது."

திருத்தவில்லை.

நேற்று மதியம் வரை மூட்டைகள் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. பஸ் கண்டக்டரிடம் கன்னியப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 27. வியாழன்

நல்ல வெயில். கன்னியப்பன் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான். படியேறும்போதே, "இன்னா பேரும்மா வெக்கப் போறீங்க?" சாக்கு ஏதும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

இந்தத் தடவை சுவருக்கு வெளியே, குழாய் பிரிகிற இடத்திலேயே அறுத்து அடைத்தான். இனி தண்ணீர் சுவருக்குள்ளேயே நுழையாது. தொட்டி நிரம்பிய பிறகுதான் அவனைப் போக விட்டாள் ருக்மணி. புதுக் கோடும் போட்டாயிற்று. சாயங்காலம் வரை வெள்ளை.

கன்னியப்பன் பையைத் தூக்கிக்கொண்டே கேட்டான்: "செவுத்துக்குள்ள ஒயுகறத எப்படிக் கண்டுபுட்ச்சீங்க எஜமானியம்மா?"

"நான் எங்கே கண்டுபிடித்தேன்? இந்த வீட்டு எஜமானி அவள். அவளைக் கேள்."

ருக்மணி கோலமாவு டப்பாவைக் காணோம் என்று உள்ளே தேடப் போனாள். டப்பா அவள் கையிலேதான் இருந்தது.