விட்டுப்போன நான்காவது

ஜூன் 26

அன்புத் தொப்பைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், திட்டாதே. உன் புத்தாண்டுத் தீர்மானப் பட்டியலைத் துவைத்துவிட்டேன்.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்துத்தான் துணியை மெஷினில் போடுகிறேன். எல்லாம் ஊரார் பாக்கெட். என்னுடையதை மட்டும் பார்க்கவில்லை. வெந்நீரில் ஊறி, இரண்டு தடவை அலசி வெளியே வந்தது. வெள்ளைவெளேர் என்று இருக்கிறது, ஓர் எழுத்தில்லை.

உனக்கு நீயே எழுதினால் 'நன்றாகத் தூங்கவேண்டும்' என்று எழுதி ஏமாற்றுவாய் என்றுதானே, வருஷத்தின் முதல் நாள் உனக்கு நானும் எனக்கு நீயும் எழுதுகிறோம்! பாதி வருஷம் போய்விட்டது. எது ஆயிற்று, எது ஆகவில்லை என்று பார்த்து, ஒன்றே ஒன்றை மாற்றிக்கொள்ளும் நேரம். உன்னிடம் இருக்கும் பிரதியைப் பார்த்து எழுதி அனுப்பு.

என் பாட்டைச் சொல்கிறேன். நீச்சல் மூக்கு வரை வந்திருக்கிறது. அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசுவதை அடியோடு விட்டுவிட்டேன். சந்தேகம் இருந்தால் உன் அத்தானைக் கேள். நேற்றுக்கூட அவர் ஏதோ சொல்ல வந்தார். என்னவென்று தெரியவில்லை, நான் பேசிக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

நலம். நீ கேட்ட பட்டியல்: தொப்பையைக் குறைப்பது. பெல்ட்டில் ஓர் ஓட்டை உள்ளே போயிருக்கிறேன். குளியலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்துவது. நிறுத்திவிட்டேன். மாதம் ஒருமுறை முடி வெட்டிக்கொள்வது. வெட்டுகிறேன்.

அவ்வளவுதான். மாற்ற ஒன்றுமில்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலை நெட்டி முறிக்கிறது.

தம்பி


ஜூலை 7

அடேய் கள்ளா,

நான் அஞ்சாவதோடு நின்றவள்தான். ஆனால் நாலு வரை எண்ண வரும். நான் எழுதியது நாலு. தையல்கடைக்காரியிடம் மனசில் இருப்பதைச் சொல்லவேண்டும் என்ற நாலாவதை எந்த மெஷினில் போட்டாய்?

போன மாதம் அங்கே வந்திருந்தபோது நீ லிஃப்ட் பார்க்கிற கட்டடத்துக் காவலாளியே சொன்னார்: "அந்த லிஃப்ட்டுக்கு ஒரு கேடும் இல்லக்கா. உங்க தம்பிதான் வாரத்துல மூணு நாள் வந்து தடவிக் குடுத்துட்டுப் போறாரு."

கீழே தையல்கடைக்குப் போனேன். "ஜூலை முடியறதுக்குள்ள கடையக் காலி பண்ணணும்க்கா, தங்கச்சி ஊருக்கே போயிடறேன். உங்க தம்பிக்கு இனிமே யாரு காலர் திருப்பிக் குடுப்பாங்களோ" என்று சிரித்தாள். வாய்தான் சிரித்தது. இன்று தேதி ஏழு.

அக்கா


ஜூலை 13

அக்காவுக்கு,

மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன்.

எனக்கு நாற்பத்தாறு. என் மனைவி இறந்து ஒன்பது வருஷம். ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துப் பழகிவிட்டது. தையல்கடையில் அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், எந்த முகத்தோடு அந்தக் கடை வாசலைத் தாண்டி லிஃப்ட்டுக்குப் போவேன்? ஒன்றை மாற்றலாம் என்பது விதிதானே. நான்காவதை அடித்துவிட்டு, 'தினமும் மாடிப்படி ஏறவேண்டும்' என்று போட்டுக்கொள்.

தம்பி


ஜூலை 18

லிஃப்ட்காரன் படி ஏறப்போகிறானாம், ஊர் சிரிக்கும்.

சரி, விதி விதிதான். அடித்துவிட்டேன். ஆனால் உன் பட்டியலை எழுதுவது நான், நீயில்லை. புதிய நாலாவது இது: தையல்கடைக்குப் போய்ச் சட்டைக்கு அளவு கொடுக்கவேண்டும். அளவெடுத்து முடிப்பதற்குள் கேட்டுவிடவேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டால் 'எங்க அக்கா கேக்கச் சொன்னா' என்று சொல். மானம் போனால் என்னுடையது போகட்டும், என்னிடம் தாராளமாக இருக்கிறது.

தம்பி, இது கேலியில்லை. நீ அந்த ஒற்றைத் தட்டைக் கவிழ்க்கிற சத்தம் ஒன்பது வருஷமாக எனக்கு இங்கே கேட்கிறது.

அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

நேற்றுப் போனேன். கழுத்தளவு, தோளளவு எல்லாம் முடிந்து கையளவு வந்துவிட்டது. "எங்க அக்கா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா" என்றேன்.

"அக்கா கேக்கறது இருக்கட்டும். நீங்க என்ன கேக்கறீங்க?"

கேட்டேன்.

அவர் நாடாவை என் கையிலேயே தொங்கவிட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "மூணு வருஷமா ஒரே லிஃப்ட்டையா ஒருத்தர் ரிப்பேர் பண்ணுவாரு?" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடையக் காலி பண்ணலைன்னு நாளைக்கே கட்டட முதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்றார்.

நானும் உட்கார இடம் பார்த்தேன். பின்னால் ஒரு மேஜை இருந்தது, அதில் உட்கார்ந்தேன். அது துணி தேய்க்கிற மேஜை. இஸ்திரிப்பெட்டி அங்கேதான் இருந்தது, சூடாகவும் இருந்தது.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு எழுதுகிறேன்.

தம்பி