இறகுத் தராசில் உன் இருதயம்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் ஒரு கண் வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோளில் பச்சை குத்தியிருந்த கண். மேலே தடித்த புருவம், கீழே கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் சுருண்ட வால். நான் அப்போதுதான் ஏலக்காய்ச் செடிக்கு முன்னால் டூரிஸ்ட் கூட்டத்தை நிறுத்தித் தொண்டையைச் செருமியிருந்தேன். கண்ணைப் பார்த்ததும் வாய் நின்றுவிட்டது. இந்த ஸ்பைஸ் கார்டனில் மழைக்கும் நிற்காத வாய், முதலாளி சம்பளத்தைப் பிடித்தபோதும் நிற்காத வாய்.

நீ இருந்திருந்தால் தலையைச் சாய்த்து, உன் இங்கிலீஸில் மெதுவாகச் சொல்லியிருப்பாய்: "மேடம், எகிப்துச் சாமிகிட்டருந்து புடுங்கி எறிஞ்ச கண்ணு இது. ஆறி, முழுசாத் திரும்பி வந்த கண்ணு. உங்களுக்கும் ஏதோ ஆறியிருக்குது போல." அவள் கண் கலங்கியிருப்பாள். போகும்போது சந்தன எண்ணெய் இரண்டு போத்தல் வாங்கியிருப்பாள். நான் "நைஸ் ஐ, மேடம்" என்றேன். அவளுடைய புருசன் என்னை முறைத்தான். மிச்சச் செடிகளையெல்லாம் புதுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுக் கொக்கோ மரத்தடியில் வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன். திரும்ப வந்து இதை எழுதுகிறேன்.

நீ போன நாளிலிருந்து எனக்கு இப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் இறங்கவேண்டும் போல, இறங்கினால் எதையோ சீட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி.

இந்தக் கூத்தையெல்லாம் நீ ஆரம்பித்தது ஒரு வண்டைப் பார்த்துத்தானே? ஒரு ஜெர்மன்காரியின் முதுகில் கறுப்பாகப் பச்சை குத்திய ஒன்று. கரப்பான் பூச்சி என்று நினைத்து, அதற்கு நம்மிடம் கராம்பு எண்ணெய் இருக்கிறது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அது சாணி உருட்டுற வண்டுடா. எகிப்துல சூரியனையே ஒரு வண்டு உருட்டிக்கிட்டு வருதுன்னு நெனச்சாங்க. தெனமும் காலைல புதுசாப் பொறக்குறதுக்கு அதான் அடையாளம்."

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"போன்ல பாத்தேன்."

"சாணி உருட்டுறதுக்கு இவ்வளவு மரியாதையா?"

"நாம தெனமும் பண்ற வேலைய விட அது நேர்மையான வேல மச்சான்."

அன்றைக்கு அவள் உன் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் உனக்குப் பைத்தியம் பிடித்தது. பச்சை குத்திய வெள்ளைக்காரர் வேனிலிருந்து இறங்கினால் போதும், நீ செடியைப் பார்க்கமாட்டாய், தோலைப் பார்ப்பாய். மனிதத் தலையோடு ஒரு பறவை இருந்தால், அது செத்தவனுடைய உயிர், பகலில் ஊர் சுற்றிவிட்டு இருட்டினதும் உடம்புக்குத் திரும்பி வரும் என்பாய். பெயரைச் சுற்றி ஒரு நீள்வட்டக் கயிறு இருந்தால், அந்தப் பெயர் அழியாமல் இருக்கக் காவல் போட்டிருக்கிறார்கள் என்பாய். நானும் உன்னைப் பார்த்துத் தொழில் செய்யப் போனேன். ஒரு பிரெஞ்சுக் கிழவரின் கையில் நாலு தட்டு வைத்த தூண் ஒன்றைக் கண்டு, கரண்ட் கம்பம் என்று நினைத்து, "சேர், எலெக்ட்ரிசிட்டி டிப்பார்ட்மென்ட்?" என்று கேட்டேன். அது ஒரு சாமியின் முதுகெலும்பாம், அசையாமல் நிலைத்து நிற்பதற்கு அடையாளமாம். நீ சிரித்த சிரிப்பில் மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

மிளகு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு பெரிய பாரோ மன்னனைப் பதப்படுத்தியபோது மூக்குக்குள் மிளகு வைத்திருந்தார்கள் என்று நீ கண்டுபிடித்த வாரம், முதலாளியை விட நீதான் சந்தோசமாக இருந்தாய். அது மாத்தளை மிளகுதான் என்று வேன் வேனாகச் சொன்னாய்.

"மாத்தளைன்னு யாருடா சொன்னது?"

"இல்லன்னு சொல்ல அந்த ராசா எழும்பி வரவா போறான்?"

இருதயத்தை மட்டும் அவர்கள் உடம்புக்குள்ளேயே விட்டுவைப்பார்கள் என்று நீ சொன்னதும் அந்த வாரம்தான். செத்தபிறகு தராசு வருமாம். ஒரு தட்டில் இருதயம், மற்றத் தட்டில் ஓர் இறகு. இறகுதான் உண்மை. நரித்தலைச் சாமி தராசைப் பிடிப்பாராம், பக்கத்தில் முதலைத்தலை மிருகம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்குமாம். நான் நம் இரண்டு பேரையும் நினைத்துப் பார்த்தேன். முடியைக் கொட்டவைக்கும் களிம்பும் முடி முளைக்கும் எண்ணெயும் ஒரே வாயால் விற்கிறவர்கள். "மொதலைக்கு வயித்தால போகும்டா," என்றேன்.

பிறகு ஒருநாள் நீ கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து, கறுவாப் பட்டையை உரித்துக்கொண்டே சொன்னாய்: "இருதயம் பெருத்துப் போச்சாம் மச்சான். தராசுல வச்சா என் கத அவ்வளவுதான்." நாம் சிரித்தோம். அதற்கு அடுத்த வாரம்தான் உன் கழுத்தில் அது ஏறியது. எப்போதோ ஓர் இங்கிலாந்துக் கிழவி கழற்றிக் கொடுத்த வெள்ளிச் சாமான், கறுப்புக் கயிற்றில். சிலுவை மாதிரிதான், மேல்கட்டை இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வளையம். உயிர் என்று அர்த்தம். அதை நீ எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "இதை என்னத்துக்குடா போட்டிருக்க?" என்றேன். "அழகா இருக்குல்ல?" என்றாய்.

ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். இனி நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. உன் எழவு வீட்டு வம்பை உனக்கே சொல்லும் பாக்கியம் எனக்கு. கேள், நன்றாக இருக்கும்.

உன்னைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியவர் உன் அண்ணன். தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர், அந்த மீசை, அந்தக் குரல். கறுப்புக் கயிற்றைப் பார்த்தார். வெள்ளியைப் பார்த்தார். "வேதத்துக்குப் போயிட்டானா?" என்றார். அவ்வளவுதான். பெட்டியை மூடும் முன்னமே நீ லயத்து வீடுகள் முழுக்கக் கிறிஸ்து வேதக்காரன் ஆகிவிட்டாய். உக்குவளைச் சபையில் நீ பாட்டுப் படித்ததை ஒருவர் கண்ணால் பார்த்தாராம். உன் குரலைக் கேட்ட சபை மறுவாரம் கூடியிருக்குமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தச் சபையின் பாஸ்டரே துக்கம் விசாரிக்க வந்தார், பாவம். "அவரு வந்திருந்தா எங்களுக்குச் சந்தோசமாத்தான் இருந்திருக்கும். ஆனா வரலீங்க," என்றார். உன் அண்ணன் என் பக்கம் திரும்பி, "எவ்வளவு பதவிசா மறைக்கிறாரு பாத்தியா," என்றார்.

கயிற்றை அறுத்து மூலையில் எறிந்துவிட்டார். குழிக்குப் பக்கத்தில் வராமல் தேயிலைக்குள் நின்றார். போகும்போது உன் மனைவியிடம், கருமாதிக்குத் தானும் வரமாட்டேன், தன் மகனும் வரமாட்டான் என்று சொல்லிவிட்டார். உனக்கு ஒரே மகள். தண்ணீர் வார்க்க அந்த வீட்டை விட்டால் வேறு வீடு இல்லை.

கருமாதிக்கு முதல் நாள் உன் மனைவி என்னைக் கூப்பிட்டுவிட்டாள். மூலையில் கிடந்ததை எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்; அவிழ்த்து என் கையில் தந்தாள். "என்னைய என்ன வேணும்னாலும் சொல்லட்டும்ணே. கூடப் பொறந்தவரு கையால ஒரு தண்ணி இல்லாம இந்த மனுசன அனுப்பிட்டு நான் எப்புடிண்ணே இருப்பேன்? நீங்க போய் எடுத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் பேசத் தெரியும்."

பேசத் தெரியும். அதுதான் சிக்கல்.

உன் அண்ணன் முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். "வா," என்றார். "ஒனக்கும் சபைல எடம் கெடச்சிருச்சா?"

"அது சிலுவை இல்லண்ணே. எகிப்து அடையாளம். உயிர்னு அர்த்தம்."

"யாரு சொன்னா?"

"உங்க தம்பிதான்."

"தம்பிக்கு யாரு சொன்னா?"

"போன்ல பாத்தான்."

"போன வருசம் எங்க சம்பந்திக்கு வழுக்கைக்கு எண்ண குடுத்தியே. அதையும் போன்லதான் பாத்தியா? மனுசனுக்கு இருந்த நாலு முடியும் போச்சு."

போனைத் திறந்து படங்களைக் காட்டினேன். சாமிகள் அதைக் கையில் வளையத்தோடு பிடித்து ராஜாவின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்கள், மூச்சுக் கொடுக்கிறார்கள், பாருங்கள் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்ப இது அந்த ஊரு சாமி கையில இருக்குற சாமான்?"

"ஆமாண்ணே."

"வேதம்னாலாவது நம்ம பக்கத்துல நாலு வேதக்காரங்க இருக்காங்க, நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறாங்க. எகிப்து சாமிக்கு நான் எந்தப் பூசாரியப் போய்க் கூப்புடுவேன்?"

மச்சான், வாழ்க்கையில் முதல்தடவையாக முழு உண்மையை விற்கப் போனேன், வாங்க ஆள் இல்லை. பதற்றத்தில் வண்டு, தூண், பறவை என்று கையில் இருந்த சரக்கையெல்லாம் கொட்டினேன். தராசையும் சொன்னேன். அதில்தான் அவருடைய கை மிளகுக்குள் நின்றது.

"எறகுக்கு எதிர்த்தாப்புல இருதயமா?"

"ஆமா. கனமா இருந்தா மொதல வாய்க்குள்ள."

"இதையெல்லாம் என்னத்துக்கு அவன் படிச்சுக்கிட்டுத் திரிஞ்சான்? அதை என்னத்துக்குக் கழுத்துல போட்டான்?"

நம் தொழிலில் தெரியாது என்ற பதில் கிடையாது. தெரியாத செடிக்கும் அந்த நிமிசத்தில் பெயர் வைத்து, மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்கும் வாய் நிறையப் பதில் வந்து நின்றது, ஒன்றை விட ஒன்று அழகாக. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுண்ணே," என்றேன். "கேட்டேன். அழகா இருக்குல்லன்னு சொன்னான்."

கண்ணாடியைக் கழற்றினார். என்னை நம்பலாமா என்று அவர் யோசித்தது எனக்கே தெரிந்தது. வாசற்படியில் உட்கார்ந்தார்.

"டொக்டரு என்ன சொல்லியிருந்தாரு?"

"இருதயம் பெருத்துப் போச்சுன்னு."

"எனக்குச் சொல்லலியே."

"வீட்டுலயே முழுசாச் சொல்லலண்ணே. எங்கிட்டயும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான்."

ஒரு கோழி மிளகுப் பாயில் ஏறிச் சீய்த்தது. அவர் விரட்டவில்லை. "பயந்திருக்கான்," என்றார். "சின்னதுல லயத்துக்குப் பின்னால கக்கூசுக்குப் போறதுன்னாக்கூட நான் கட்டியிருந்த சாரத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் வருவான். பயமா இருக்கான்னு கேட்டா இல்லன்னுவான். சாரத்த மட்டும் விடமாட்டான்." பிறகு கையை நீட்டினார். வெள்ளியை அதில் வைத்தேன். அதை அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் சுது கங்கைக் கரைக்கு மகனை அனுப்பவில்லை, அவரே வந்தார். தலையையும் மழித்து, அந்த மீசையையும் எடுத்துவிட்டு ஆற்றிலிருந்து ஏறி வந்தபோது உன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மீசைக்குக் கீழே இவ்வளவு காலமும் உன் முகம் இருந்திருக்கிறது, மச்சான். உனக்கு இன்னும் ஒரு பதினைந்து வயது கூடியிருந்தால் எப்படி இருந்திருப்பாயோ, அப்படி. எல்லாம் முறையாக நடந்தது. எள், தண்ணீர், உன் பெயரைச் சத்தமாகச் சொல்லி மூன்று தரம்.

திரும்பி வரும்போது த்ரீவீலில் நானும் அவரும்தான். இறங்கும் இடம் நெருங்கும்போது வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தத் தராசுல நம்மாளு தேறியிருப்பானாடா?"

நான் அப்போதுதான் உண்மையை ருசி பார்த்திருந்த ஆள். புதுச் செருப்பு வாங்கினவன் மாதிரி அதையே போட்டுக்கொண்டு திரிந்தேன். "தெரியாதுண்ணே," என்றேன்.

அவர் இறங்கி, ஈரச் சாரத்தை உதறிக் கட்டினார். "ஊரு ஒலகத்துக்கெல்லாம் வாய் கூசாமச் சொல்ற. எனக்கு ஒரு பேச்சுக்காவது ஆமான்னு சொன்னா என்னடா?" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த ஆமாவைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். கொத்தமல்லி விற்கும்போதும் அது வாயில் இருக்கிறது, சோறு தின்னும்போதும் இருக்கிறது. உன்னைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது, மச்சான். கிளினிக்கில் பெருத்தது என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். டிப்ஸ் கிடைக்காத நாளில் என் பங்கு என்று உன் பொக்கெட்டிலிருந்து கொடுத்த ஆள் நீ. அதைக் கனம் என்று சொல்ல எந்த நரித்தலைக்கும் வாய் வராது. ஆனால் இதையே நான் போய்ச் சொன்னால் எப்படிக் கேட்கும்? வழுக்கை எண்ணெய் மாதிரியே கேட்கும். ஒரு பேச்சுக்குச் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார், அதுவும் அவர் கேட்டு வாங்கியதாக.

வேலை முடிந்து போகும்போது தினமும் அவர் வீட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை மெதுவாக்குகிறேன். நேற்றும் மெதுவாக்கினேன். முற்றத்தில் நிமிர்ந்து பார்த்தார். மீசை இன்னும் முளைக்கவில்லை. "என்னடா?" என்றார், நீ கேட்கிற மாதிரியே.

"மொளகு காஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.