மாப்பிள்ளைச் சவரமும் ஜோடிப் பெட்டியும்

மெர்சின், துருக்கி
9 ஆகஸ்ட் 1984

மகன் தய்ஃபுனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை அய்செனும் நலம். நீ நலமா என்று ஒப்புக்குக் கேட்கப் போவதில்லை, உன்னைச் சவரக் கத்தியைத் தொடவிடாமல் துண்டு துவைக்க வைத்திருக்கிறார்கள் என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. முதலில் ஒரு காரியம் செய். இரண்டு வாரத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. அதில் உன்னை அவசரக்காரன் என்றும், ஒரு முகத்தை ஒழுங்காகக் கழுவத் தெரியாதவனுக்கு ஸ்டுட்கார்ட் எதற்கு என்றும் எழுதியிருந்தேன். தப்பு. எங்கே தப்பு என்று வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் தாவாமல் படி.

நீ எழுதியது இது. சனிக்கிழமை நடுப்பகலில் சப்ரிக்கு மாப்பிள்ளைச் சவரம். கடை முதலாளி பஹ்ரி உஸ்தா முதல் தடவையாக உன்னை நம்பிக் கத்தியைக் கொடுத்தார். ஆலையில் நான் செய்து அனுப்பிய ஜோடிப் பெட்டியிலிருந்து பெர்கமோட் நாரத்தை மணத்தில் சவர சோப்பு, அதே மணத்தில் சவரத்துக்குப் பின் போடும் கொலோன், இரண்டையும் எடுத்தாய். சவரம் முடிந்து சப்ரியும் சிநேகிதர்களும் மேளத்தோடு தெருவில் இரண்டு மணி நேரம் வெயிலில் ஆடிவிட்டுப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் சப்ரியின் தாடையிலிருந்து கழுத்து வரை சிவப்புக் கோடுகள், அதற்கு இரண்டு நாள் கழித்து அவை பழுப்பாகிவிட்டன. சப்ரியின் அம்மா கடைக்கு வந்து, "போட்டோவுல என் புள்ள கழுத்துல யாரோ டீயைக் கொட்டினாப்ல இருக்குடா, இதான் உங்க கைராசியா?" என்று கேட்டாள். பஹ்ரி உஸ்தா, "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் துண்டு துவை, அப்புறம் உன்னை வச்சுக்கறதா, ஊருக்கு டிக்கெட் எடுக்கறதான்னு பாப்போம்" என்றார். அந்தக் கடை வேலை போனால் ஜெர்மனியில் தங்கும் அனுமதியும் போகும், அது எனக்கும் தெரியும். அப்போது நீ அவரிடம், "எங்கப்பா செஞ்சதுல தப்பு இருக்காது உஸ்தா, நான்தான் நுரையைச் சரியா கழுவல போல" என்று சொல்லியிருக்கிறாய். நான் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் திட்டி எழுதினேன்.

அதை நான் தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகு உன் அம்மா உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். கத்தரிக்காய் வதக்கிக்கொண்டே, "ஏங்க, அந்தக் கொலோனை ஒரு சவரத்துக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டீங்க?" என்றாள். ஒரு உள்ளங்கை, மூன்று மில்லி என்றேன். "உங்க கல்யாணச் சவரத்துல என் அண்ணன்மாருங்க ஆளாளுக்குப் புட்டியைப் புடுங்கி ஊத்தி, நீங்க சட்டையைப் பிழிஞ்சுட்டு வந்தீங்களே, அது எத்தனை மில்லி?" என்றாள். அய்சென் பக்கத்திலிருந்து, "அப்பாவோட லேப்ல மாப்பிள்ளைக்குச் சிநேகிதங்களே கிடையாதும்மா" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, உன் கடிதத்தை வாங்கி மறுபடி பார்த்தேன். சப்ரிக்கு ஒன்பது சிநேகிதர்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்த நாட்டில் பிறந்து, கொலோன் ஆலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன், மாப்பிள்ளைச் சவரத்தில் கொலோனை நாவிதன் மட்டும் ஊற்றுவதில்லை என்பதை மறந்துவிட்டுப் பெட்டி தயாரித்திருக்கிறேன்.

வாதம் செய்தால் முடியாது என்று ஞாயிற்றுக்கிழமை மாடியில் சோதித்துப் பார்த்தேன். முகம் முழுக்க அந்த சோப்பில் சவரம் செய்து, நன்றாகக் கழுவிவிட்டு, இடது பக்கம் மட்டும் ஒன்பது தடவை கொலோன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. முழங்கையில் கொஞ்சம் கொலோன் தடவித் துணியைச் சுற்றி வெயில் படாமல் மூடிக்கொண்டேன். பிறகு இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தேன். எதிர் மாடியிலிருந்து சேவிம் அக்கா, "என்ன நெஸாஹத், இந்த வருஷம் தக்காளிக் கூழுக்குப் பதிலா புருஷனைக் காயப் போட்டுட்டியா?" என்று கேட்டாள், உன் அம்மா, "கூழ் சரியா கெட்டியாகல அக்கா, இன்னும் ஒரு நாள் ஆகும்" என்றாள். செவ்வாய்க்கிழமை காலையில் என் இடது தாடையில் சொட்டுச் சொட்டாக வழிந்த தடம் அப்படியே சிவந்து நின்றது. வலது பக்கம் சுத்தம், முழங்கையும் சுத்தம். ஆக சோப்பு காரணமில்லை, நுரை மிச்சம் இருந்ததும் காரணமில்லை. கொலோனும் வெயிலும் சேர்ந்துதான் சுட்டிருக்கின்றன. பெர்கமோட் பழத்தோலைப் பிழிந்த பச்சை எண்ணெயில் வெயில் பட்டால் தோலைச் சுடுகிற ஒரு பொருள் உண்டு, அதை நீக்கிய எண்ணெயைத்தான் வழக்கமாக வாங்குவோம். இந்த வருஷம் கிடைக்கவில்லை, பச்சை எண்ணெய் போதும் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அது போதாதென்று, சோப்பின் காரம் மணத்தைத் தின்றுவிடுகிறதே, கொலோனும் அதற்கு ஈடாக இருக்கட்டும் என்று இரண்டிலும் அளவை மூன்று மடங்காக்கியதும் நான்தான். சோப்பு கழுவினால் போய்விடும், கொலோன் தோலிலேயே நிற்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தை யோசிக்காமல், மணம் ஒன்றாக இருந்தால் ஜோடி என்று நினைத்தேன்.

ஜோடி என்றால் ஒன்று செய்வதை இன்னொன்று சமாளிக்க வேண்டும், இரண்டும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது. புதினா சோப்பு ஏற்கனவே தோலைக் குளிர வைத்து மரக்க வைக்கும், அதன்மேல் கற்பூரக் கொலோன் போடாதே, எரிச்சல் வந்தாலும் ஆளுக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. பாதாம் சோப்புக்குப் பன்னீர் போதும். நம் வெள்ளைக் குச்சி சோப்பில் காரம் அதிகம், தோலை வறட்டிவிடும், அதற்குச் சாராயம் குறைந்த தைலம் ஏதாவது தடவு. படிகாரம் தேய்த்தால் ஒரு நிமிஷம் விட்டுக் கழுவிவிட்டுத்தான் கொலோன், நீ அவசரத்தில் அதைக் கழுவாமல் விடுவாய், நான் பார்த்திருக்கிறேன். புகையிலை மணமும் லாவெண்டரும் சேரும், எலுமிச்சையும் வெண்ணிலாவும் சேராது, பேக்கரி மாதிரி இருக்கும். மணத்தைக் கடைசியில் பார், தோலை முதலில் பார். உஸ்தாவின் மனைவி சப்ரியின் கழுத்தில் எலுமிச்சை தேய்க்கச் சொன்னதாக எழுதியிருந்தாய், தேய்க்கவே கூடாது, எலுமிச்சையும் அதே ஜாதி, இன்னும் கறுக்கும். கழுத்தை மூடிக்கொண்டு வெயிலில் போகச் சொல். சில மாதத்தில் தானாக மங்கும். கொப்புளம் வந்தால் மட்டும் டாக்டரிடம் போகட்டும்.

ஆலையில் மானேஜரிடம் என் தாடையைக் காட்டி, ஜோடிப் பெட்டியை நிறுத்தச் சொன்னேன். "என்ன ஃபெரித் சார், அட்டை எல்லாம் அடிச்சு வந்தாச்சே" என்றார். அட்டையில் சுடாது, உள்ளே இருப்பதுதான் சுடும் என்றேன். நிறுத்திவிட்டார். உன்னிடம் மிச்சமிருக்கும் ஐந்து பெட்டியில் சோப்பை வைத்துக்கொள், கொலோனைச் சாக்கடையில் ஊற்று, யாருக்கும் சும்மா கூடக் கொடுக்காதே.

இன்னொன்று. நீ கழுவியிருக்கிறாய். வெந்நீரில் இரண்டு தடவை, பிறகு குளிர்ந்த துண்டு என்று உன் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய், இரண்டாம் பக்கத்தில் கழுவவில்லை போல என்கிறாய். இரண்டில் ஒன்று பொய், எது என்று கண்டுபிடிக்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கக் கூடாது. யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாய் என்றும் தெரிகிறது. என் வேலையில் இருக்கும் பிழையை நான் சரிபார்த்துக்கொள்வேன், அதற்கு நீ துண்டு துவைக்க வேண்டாம். உன் அம்மா இந்த இடத்தில் இன்னும் மென்மையாக எழுதச் சொல்கிறாள், எனக்கு இதற்குமேல் எழுத வராது.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்கு முன்னால் ஒரு நல்ல பூட்ஸ் வாங்கு. அல்லா உன் கைக்குத் தெளிவும் கத்திக்குக் கூர்மையும் கொடுக்கட்டும். அம்மாவும் அய்செனும் உன் கன்னங்களில், நான் உன் இரு கண்களில் முத்தம் வைக்கிறோம்.

மறக்காதே. பிழை யாருடையது என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஒன்று பஹ்ரி உஸ்தாவுக்கு உண்டு, என் தாடையின் புகைப்படத்தோடு. அதை இந்த உறையில் வைக்கவில்லை. வைத்தால் நீ ஒளித்துவிடுவாய். நேற்றே கடை விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன், நீ இதைப் படிக்கும்போது அவர் அதைப் படித்து முடித்திருப்பார். போய்க் கத்தியை வாங்கிக்கொள்.

உன் அப்பா
ஃபெரித்