அம்மாவின் ஒப்பாரிக்குக் கைதட்டல் வாங்கியவளுக்கு

தங்கச்சி புனிதா,

அன்பு இல்லாமல் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் அந்த அன்பு இன்று உனக்குச் சாதகமாக ஒரு சொல்லும் பேசப்போவதில்லை.

உன்னை எரித்த சாம்பல் ஆறுவதற்குள் பத்திரிகைகள் உன் மேடையையும் திரையையும் பக்கம் பக்கமாகப் புகழ்ந்துவிட்டன. நீ பாடிய ஒப்பாரியைப் போல் இந்த நாடு கேட்டதே இல்லையாம். அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் சொன்னதில்லை.

றொசல்லத் தோட்டத்தில் மரம் முறிந்து அப்பா மேல் விழுந்த அன்று, நம் லயத்து வரிசைவீட்டு வாசலில் அவர் தலைமாட்டில் இருந்து அம்மா பாடியது அது. தேயிலையை மட்டம் வெட்ட அவர் கொண்டுபோகும் கவ்வாத்துக் கத்தியைப் பார்த்து, இனி உன்னை யார் தீட்டுவார் என்று கேட்ட இடத்தில் அவள் குரல் உடைந்தது. நீ அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை.

பல வருடம் கழித்து, நடிக்கப் போன கொழும்பிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டருடன் வந்தாய். பிணம் கிடக்காத வீட்டில் ஒப்பாரி வைத்தால் இன்னொரு சாவை அழைத்ததாகும் என்று நம் லயத்தில் குழந்தைக்கும் தெரியும். அம்மா முடியாது என்றாள். நீ அவள் மடியில் படுத்துக் கெஞ்சினாய். கடைசியில் சாமி படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பாடினாள். முடிந்ததும் கண்ணைக்கூடத் துடைக்கவிடாமல் நீ சொன்னாய்:

“அம்மா, கத்தி வர்ற எடத்துல குரல் ஒடஞ்சிச்சில்ல, அதை மட்டும் இன்னொருக்கா பாடுங்க.”

பாடினாள். நீ கேட்டால் எதையும் செய்வாள்.

உன் நாடகத்துக்கு எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தாய். அதே இடத்தில், அதே மாதிரி உன் குரல் உடைந்தது. மண்டபமே எழுந்து கைதட்டியது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“நம்ம வீட்டு எழவுக்கு இவங்க எதுக்குப்பா கை தட்டுறாங்க?”

நாடகக்கலை படித்துப் பட்டம் வாங்கியவன் நான். ஆனாலும் மேடைக்குப் பின்னால் உன்னிடமே அதைக் கேட்டேன். முகப்பூச்சைத் துடைத்தபடி சிரித்தாய்.

“அண்ணே, லயத்துக்குள்ளயே கெடந்து செத்துருக்கும். நான்தான் அதைக் காப்பாத்தினேன்.”

யாரிடமிருந்து காப்பாற்றினாய்? அதே பாட்டு பிறகு படத்தில் வந்தது. விருதும் வந்தது. அம்மா அதன்பிறகு எந்தச் சாவு வீட்டிலும் வாய் திறக்கவில்லை.

நோய் முற்றியபோது உன்னைத் தோட்டத்திலேயே எரிக்கச் சொல்லியிருந்தாயாம். கொண்டுவந்தார்கள். கேமராக்களும் வந்தன. பெற்றவள் தொடங்கினால்தான் மற்றப் பெண்கள் சேர்ந்து அழ முடியும். எல்லோரும் அவளையே பார்த்திருந்தார்கள். உன் இயக்குநர் குனிந்து, “ஒரு வரி போதும்மா” என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒப்பாரி இல்லாமலே போனாய், புனிதா. குடித்துக் கெட்டவனைக்கூட நம் லயம் அப்படி அனுப்பியதில்லை. கொட்டகலைக் கடைத்தெருவில் இப்போது அவளைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். அதுவும் நீ விட்டுப்போனதுதான்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கருமாதிக்கு முந்தின மத்தியானம், தீட்டுக் கழியாததால் இன்னும் சாவு வீடுதான். வந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். மழை. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, களைந்தபடியே உனக்காகப் பாடத் தொடங்கினாள். நான் எழுந்து கதவைச் சாத்தினேன். போனை அணைத்தேன். உலைநீர் வற்றி, பானை அடி கருகிய பிறகும் அவள் நிறுத்தவில்லை.

ஹட்டனில் உனக்கு அஞ்சலிக் கூட்டமாம். அம்மாவை மேடையேற்றிப் பாடவைக்க வேண்டுமென்று உன் குழுவினர் இரண்டுமுறை வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே நிறுத்தி அனுப்பினேன். மறுபடி வந்தாலும் அப்படித்தான்.

அன்று அவள் பாடியதில் ஒரு வரியைக்கூட யாரிடமும் சொல்லமாட்டேன். இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். என்னோடு சேர்ந்தே எரியட்டும். கைதட்டல் இல்லாமல் உனக்குக் கிடைத்த பாட்டு அது ஒன்றுதான். அதையாவது உனக்கென்றே வைத்திருப்பேன்.

அவள் பெற்ற மற்றப் பிள்ளை,
உன் அண்ணன்