செல்வியின் இதயம் பற்றி அண்ணிக்கு

என்னைத் திட்டித் திட்டியே ஆளாக்கின அண்ணிக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் செல்விக்கு இதயம் நன்றாக இருக்கிறது. நேற்று தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் மறுபடியும் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். பஸ் வலங்கைமான் வந்து சேரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். அவள் கடலை தின்றுகொண்டே வந்தாள்.

போன நடவு சமயத்தில் பச்சரிசியை மெல்ல ஆரம்பித்தாள். பிறகு செங்கல் தூள். அவள் மாமியாருக்கு ஒரே பூரிப்பு. "மசக்கைதான், வேற என்ன?" என்று மாங்காயாகக் கொண்டுவந்து கொட்டினாள். நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீங்களும் கடைசி வருஷம் அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்றீர்களே! வரப்பில் நாலடி வைத்தால் மூச்சு வாங்குமே!

கூலி உயர்வு கேட்டு நீங்கள் கொடி பிடித்து நின்ற அன்று பண்ணைக் காரியக்காரர் என்ன கேட்டார்?

"அறுப்புக்குன்னா மூச்சு வாங்குது, கொடி புடிக்க மட்டும் வாங்கலையோ?"

"கொடி கனக்கலைங்க. ஒங்க கதிர்க்கட்டுதான் கனக்குது."

தெருவே சிரித்தது. அடுத்த நடவுக்கு நீங்கள் இல்லை. இதயம் வீங்கிவிட்டது என்றார்கள். ஏன் வீங்கியது என்று சொல்லத்தான் ஆளில்லை.

இப்போது தெரிந்தது அண்ணி. செல்வியின் வெளுத்த நகத்தைப் பார்த்த டாக்டரம்மா, "கொல்லைக்குப் போறப்ப செருப்பு போடுவியா?" என்று கேட்டார். "கொல்லைக்குப் போகச் செருப்பாங்க?" என்று இவள் சிரிக்கிறாள். சோதனையில் மசக்கை இல்லை, கொக்கிப்புழு என்று வந்தது. மண்ணிலிருந்து கால் வழியாக ஏறி, குடலைக் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் குடிக்குமாம். ரத்தம் குறையக் குறைய இதயம் ரெட்டை வேலை பார்த்துப் பெருத்துப்போகுமாம். மண் தின்னும் ஆசையும் அந்தச் சோகையால் வருவதுதானாம். செல்விக்கும் இதயம் கொஞ்சம் பெருத்திருந்தது.

பூச்சி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை. அவ்வளவுதான் மருந்து! மாசக்கணக்கில் பக்கத்தில் நின்று விழுங்கவைத்தேன். "அத்தை, ஒனக்கு வேற வேலையே இல்லியா?" என்பாள். இல்லை என்பேன். இப்போது இதயம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அந்த மாத்திரையை அன்றைக்கு யாராவது உங்கள் கையில் கொடுத்திருந்தால்? இதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது.

செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தேய்ந்துவிடும் என்று கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள் மகராசி! அதற்கும் தினம் சண்டைதான். நீங்கள் நிம்மதியாக இருங்கள். இனி உங்கள் மகளுக்கு மூச்சு வாங்கினால், அது என்னோடு சண்டை போட்டு வாங்கியதாகத்தான் இருக்கும். இது சத்தியம்.

உங்களிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்ட,
நாத்தனார்