அப்பா பேசி முடிக்கும் வரை

மார்ச் 4, செவ்வாய்

பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி விலகினாள்; அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. பதிலாக டாக்டர் எங்களுக்கு ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்திருக்கிறார். மைண்ட்ஃபுல்னஸாம், செய்கிற வேலையிலேயே மனதை நிறுத்தும் பயிற்சி. ஆளுக்கொரு உலர்திராட்சை கொடுத்து, "அவசரப்படாம மெல்லுங்க, வேற எதையும் நினைக்காதீங்க" என்றார் அந்த அம்மா. வெளியே தொலைபேசி அலறிக்கொண்டே இருந்தது. அதை எடுக்க வேண்டியவள் திராட்சை மென்றுகொண்டிருக்கிறாள். வயிற்றெரிச்சல்.

மார்ச் 6

அண்ணன் போனில்: "நீ எதுக்கெடுத்தாலும் டென்ஷனாகுற. அப்பாவுக்கு அது நல்லதில்ல."

வெளியூரில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம்.

மார்ச் 9

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் தேடித்தேடித்தான் வருகிறது. காலையில் ஏதோ ஆரம்பித்தார். "தண்ணியா? பாத்ரூமா? ஃபேனா?" என்று அடுக்கினேன். டம்ளரைத் தட்டிவிட்டார். தரையெல்லாம் பால்.

"என்னதான்பா வேணும்? எனக்கு நேரமில்ல" என்று கத்தினேன். துடைக்கத் துடைக்க அழுகை. யார்மேல் கோபம் எனக்கு? எல்லார்மேலும்.

மார்ச் 11

பயிற்சியாளரிடம் கேட்டேவிட்டேன்: "ரெண்டு பேர் வேலைய ஒருத்தி செய்யறேன். மூச்ச கவனிச்சா சரியாயிடுமா?"

"ஆகாது. ஆள் போடச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. கை ஒரு வேலைல இருக்கறப்ப மனசு அடுத்த நாலுக்கு ஓடுதில்ல, இது அத மட்டும்தான் திருப்பிக் கூட்டிட்டு வரும்."

நேர்மையான பதில். அதனாலேயே இன்னும் எரிச்சல்.

மார்ச் 12

அப்பாவின் சட்டைப் பொத்தான். பொத்தான் மட்டும். மனம் பேருந்துக்கு ஓடியது, இழுத்து வந்தேன். மறுபடி ஓடியது, சனியன். அப்பா ஏதோ சொல்ல வாய் திறந்தார். நான் குறுக்கே போகவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். எவ்வளவு நேரமோ.

"உன் அண்ணன... வரச் சொல்லு. நீ மட்டும்... ஏன் சாகணும்?"

இத்தனை நாளாக இதையா சொல்ல வந்தார் — நான் ஃபேனைப் போட்டுக்கொண்டிருந்தேனே.

பேருந்து போய்விட்டது.

மார்ச் 13

அப்பாவே போனில் பேசினார். "புரியுதுப்பா, அப்புறம் பேசலாம்" என்று அண்ணன் நடுவில் புகுந்தான்.

"வைக்காத. அவர் முடிக்கட்டும்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. டாக்டரிடமும் அதே குரலில் ஆள் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். "எப்ப?" என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணன் நேற்று வந்தான். ஒரு மாதம் இருப்பானாம். இன்று அவன்தான் அப்பாவைக் குளிப்பாட்டினான். "இந்தக் கைய சட்டைக்குள்ள எப்படி மாட்டறது? இங்க வாயேன்" என்று உள்ளிருந்து கூப்பிட்டான்.

தேநீர் சூடாக இருந்தது. குடித்து முடித்துவிட்டுப் போனேன்.